அந்த ஏழாவது ஸ்லைடை எடுக்காதே

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனை வைத்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ அழுகிறாய். நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் காகிதமும் பேனாவும். நாளைக் காலையில் ஸ்பீடு போஸ்டில் போட்டுவிடுவேன். கையில் கிடைத்ததும் நின்றுகொண்டே பிரிக்காதே. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. பசியோடு படித்தால் அத்தை திட்டுவது மட்டும்தான் கண்ணில் படும்.

ஊர்ச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பங்குனி பிறப்பதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. இன்று செவ்வாய்க்கிழமை, சிறுவாபுரிக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நான் போகவில்லை, உன் பெயரைச் சொல்லி வீட்டிலேயே விளக்கேற்றினேன். உங்கம்மா அரிசி வடாம் பிழிந்தாள். பழைய வேட்டியை மேலே போர்த்தித்தான் மொட்டை மாடியில் காயவைத்தோம். சாயங்காலம் எடுக்கப் போனால் வேட்டியின் மேல் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு கறுப்புத் தூசி. வடாம் தப்பித்தது. உனக்கு ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்திருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எபிதீலியம் என்கிற மேலுறைத் திசுவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற இளம் பிள்ளைகள் கூடுகிற கோர்டன் கருத்தரங்கில் பேச உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பத்து நிமிஷம். அந்த மின்னஞ்சல் வந்த அன்று நீ போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். ஒரு மாசம்கூட ஆகவில்லை, இப்போது பேச்சு வேண்டாம், போஸ்டர் மட்டும் ஒட்டுகிறேன் என்று எழுதப் போகிறாயாம். அப்படிப் பேசியே ஆக வேண்டும் என்றால் ஏழாவது ஸ்லைடை எடுத்துவிட்டுப் பேசுவாயாம். கைடு எடுக்கச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை, நானாகத்தான் என்றாய். அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தக் கருத்தரங்கைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். நீல் கோர்டன் என்ற வேதியியல் பேராசிரியர் 1931-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்துவைத்த கூட்டங்கள் வளர்ந்து வளர்ந்து இன்றைக்கு இப்படி ஆகியிருக்கின்றன என்று சொன்னாய். அங்கே சொல்லப்படுவதை யாரும் படம் பிடிக்கக் கூடாது, பதிவு செய்யக் கூடாது, வெளியே போய் எழுதக் கூடாது; ஏனென்றால் இன்னும் அச்சில் வராத, முடியாத வேலையைத் தைரியமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் ஏற்பாடு என்றாய். பெரிய கோர்டன் மாநாட்டுக்கு முந்தின இரண்டு நாள், ஆராய்ச்சி மாணவர்களும் இப்போதுதான் டாக்டர் பட்டம் வாங்கினவர்களும் மட்டும் தங்களுக்குள் கூடிப் பேசுகிற இடம் இது. நடத்துகிறவர்களும் உன் வயசுப் பிள்ளைகள்தான். இதையெல்லாம் எனக்கு விளக்கும்போது உன் குரலில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது! முடியாத வேலையைச் சொல்வதற்கென்றே கட்டின இடத்துக்குப் போய், முடிந்த வேலையை மட்டும் காட்டிவிட்டு வருகிறேன் என்கிறாயே, இது என்ன நியாயம் பாப்பா?

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஐந்து வயசில் உன் வலது கை நடுவிரலில் ஒரு மரு வந்தது? பாட்டி உன்னைத் தூக்கிக்கொண்டு அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போனார். குளத்தில் வெல்லம் போட்டால் அது கரைவது மாதிரி மருவும் கரையும் என்று உன் கையாலேயே போடவைத்தார். நீ பாதி வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டாய், அது வேறு கதை. இரண்டு மாசத்தில் மரு போய்விட்டது. பாட்டிக்குப் பெருமாள் செய்தது. எனக்கு, மரு என்பது ஒரு வைரஸ் தோலின் மேல் செல்களுக்குள் புகுந்து அவற்றை அளவுக்கு மீறிப் பெருகவைப்பது, குழந்தைகளுக்குப் பல சமயம் தானாகவே போய்விடும் என்று புத்தகத்தில் படித்தது. நீ என்ன கேட்டாய் தெரியுமா? "அப்போ அது எங்கே போச்சு அத்தை?" என்றாய். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று உன்னிடம் சொன்னேன். அதில் நீ ஒன்றும் என்னை மட்டமாக நினைத்துவிடவில்லையே. அடுத்த நாளும் வந்து வேறு ஒன்று கேட்டாய்.

இப்போது உங்கப்பா விஷயம். 2006 ஆடி மாசம், உனக்கு எட்டு வயசு. உனக்குத் தெரிந்தது பாதிதான், மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு அவனுக்கு பி ஷிப்ட். கான்ட்ராக்ட் ஆள்தான், நிரந்தரம் ஆகவில்லை. குழாய் இணைப்பு ஒழுகுகிறது, பார் என்று அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே காஸ்டிக் சோடா. கண்ணாடி கொடுக்கவில்லை. கண் கழுவுகிற குழாய் சுவரில் இருந்தது, திறந்தால் தண்ணீர் வரவில்லை. கூட இருந்த பையன் தன் தண்ணீர் பாட்டிலை ஊற்றியிருக்கிறான், அது அரை பாட்டில். நம் வீடு வழியில் இருந்ததால் பைக்கில் உட்காரவைத்து நேராக என்னிடம் கொண்டுவந்துவிட்டார்கள். டீச்சரம்மா இருக்கிறார், அவருக்குத் தெரியும் என்று.

டீச்சரம்மா என்ன செய்தேன்? ஈரத் துணியால் ஒற்றினேன். சாமியைக் கூப்பிட்டேன். ஆட்டோ பிடி, வேன் பிடி என்று தெருவெல்லாம் கத்தினேன். வாசலில் அன்று காலையில் பிடித்துவைத்த இரண்டு குடம் தண்ணீர் நிறைந்து நின்றது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர். மீஞ்சூரில் ரயில்வே கேட், எண்ணூர்ப் பக்கம் லாரி நெரிசல், போய்ச் சேர இரண்டு மணி நேரம். அங்கே படுக்கவைத்து அரை மணி நேரத்துக்கு மேல் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். முடித்துவிட்டு அந்த டாக்டரம்மா என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "வீட்டில் தண்ணீர் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

பாப்பா, ஒன்பதாம் வகுப்புக்கு நான் அந்தப் பாடத்தைப் பதினைந்து வருஷமாக நடத்திக்கொண்டிருந்தேன். தட்டை எபிதீலியம், கனசதுர எபிதீலியம், தூண் எபிதீலியம், குறுஇழை எபிதீலியம் எல்லாவற்றுக்கும் கரும்பலகையில் நான் போடுகிற படத்தைப் பார்க்க மற்ற வகுப்பு ஆசிரியர்கள் வருவார்கள். அமிலம் பட்டால் மேலே இருக்கிற புரதம் கட்டிப்போய் ஓரளவு தடுப்பாக நிற்கும், காரம் பட்டால் செல் சவ்வின் கொழுப்பையே சோப்பாக்கிக்கொண்டு உள்ளே உள்ளே போகும் என்பது தெரியாதவளா நான்? தெரியும். அதைக் கழுவினால்தான் அது நிற்கும், அதுவும் உடனே, கால் மணி அரை மணி என்று விடாமல் கழுவ வேண்டும் என்பது மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை. ரயிலேறி எழும்பூர் போனால் கிடைக்கிற அந்த ஒரு வரி அறிவு என் சமையலறை வரைக்கும் வந்து சேரவில்லை. அதற்கு உங்கப்பா வலது கண்ணைக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிற வரைக்கும், எபிதீலியம் பாடம் வந்தால் பிள்ளைகளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஒருவன் படுக்க வேண்டும், இன்னொருவன் அவன் இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகக் குவளையால் தண்ணீர் விட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிஷம். பதினைந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் அதுகளுக்குத் தெரியும். பீரியட் வீணாகிறது என்று ஒரு தலைமையாசிரியர் சொல்லிப் பார்த்தார். சிப்காட்டில் அப்பாவோ அண்ணனோ வேலை பார்க்காத பிள்ளை என் வகுப்பில் பத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை, நான் நிறுத்தவில்லை. இந்த ஊரில் உடம்பின் மேலுறைதான் முதலில் அடி வாங்குகிறது. உலைக்கு முன்னால் நிற்பவனுக்குத் தோல், தூசிக்குள் நிற்பவனுக்கு மூச்சுக்குழல், குழாய் திறப்பவனுக்குக் கண். அப்புறம் சுண்ணாம்பு. பெட்டிக்கடையில் புகையிலைக்கும் வெற்றிலைக்கும் விற்கிற அந்தச் சின்னப் பொட்டலத்தைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது கண்ணில் பீய்ச்சிவிடும். அதுவும் காரம்தான். என்னிடம் படித்த ஒரு பையன் பத்தாவது முடித்த பிறகு ஒருநாள் வந்து, தங்கச்சி கண்ணில் சுண்ணாம்பு பட்டுவிட்டது டீச்சர், கைப்பம்புக்கடியில் உட்காரவைத்து அரை மணி அடித்தேன், இப்போது நன்றாகத் தெரிகிறது என்றான். அவன் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உங்கப்பா கண்ணில் அப்புறம் நடந்தது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீ மறந்துவிட்டாயோ என்று சந்தேகமாக இருக்கிறது. கார்னியாவின் மேல் இருக்கிற எபிதீலியம் ஐந்தாறு அடுக்கு செல்தான், ஒரு மில்லிமீட்டரை இருபதாகப் பிரித்தால் ஒரு பங்கு கனம். அது வாரம் பத்து நாளில் உதிர்ந்து உதிர்ந்து புதுசாகிக்கொண்டே இருக்கிறது. புதுசுக்கு விதை நடுவில் இல்லை, கருவிழியும் வெள்ளைவிழியும் சேருகிற ஓரத்தில், லிம்பஸில் இருக்கிறது. 1971-ல் டாவாங்கர், ஈவன்சன் என்ற இரண்டு பேர் அந்த ஓரத்து நிறமி கோடு கோடாக நடுப் பக்கம் நகர்வதைப் பார்த்து, செல்கள் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று எழுதினார்கள் என்று நீ சொன்னபோது, நான் கண்ணாடியில் என் கண்ணையே ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். காஸ்டிக் அந்த ஓரத்தையே தின்றுவிட்டது. ஓரம் போனால் வேலி போன மாதிரி. வெள்ளைவிழியின் மேல்தோல் ரத்தக் குழாய்களையும் இழுத்துக்கொண்டு கருவிழிக்கு மேல் ஏறிவிட்டது. எட்டு வருஷம் அந்தக் கண்ணில் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான்.

1997-ல் இத்தாலியில் பெல்லெக்ரீனியும் டி லூகாவும் நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து செல் எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து இரண்டு பேருக்கு வைத்துப் பார்த்தார்கள். அப்படி வளர்க்க ஆய்வகம் வேண்டும், அதற்கென்று ஆள் வேண்டும், பணம் வேண்டும். 2012-ல் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் விரேந்தர் சங்வானும் சயன் பாசுவும், கூட ஷீலா மெக்நீலும் நம் பாலசுப்பிரமணியனும் (இந்து பேப்பரில் அறிவியல் பத்தி எழுதுவாரே, நான் வெட்டி ஒட்டிவைப்பேனே, அவர்தான்) ஆய்வகமே வேண்டாத ஒரு வழியை எழுதினார்கள். நல்ல கண்ணின் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் துணுக்கு ஒன்று. அதை எட்டு பத்துத் துண்டாக்கி, பனிக்குடச் சவ்வை விரித்து அதன் மேல் நாற்று நடுகிற மாதிரி வைத்து, ஃபைப்ரின் பசையால் ஒட்டிவிடுவது. மீதியைக் கண்ணே வளர்த்துக்கொள்கிறது. எளிய சாதனங்கள், ஒரே அறுவை சிகிச்சை. 2014-ல் உங்கப்பாவுக்கு அதைத்தான் செய்தார்கள். கட்டை அவிழ்த்து சில மாசம் கழித்து ஊருக்குத் திரும்பும்போது, ரயில் மெதுவாகிற நேரத்தில் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, பிளாட்பாரத்தில் இருந்த மஞ்சள் பலகையை எழுத்துக்கூட்டி, "கும்... மிடி... பூண்டி" என்று படித்தான். நீ பிளஸ் ஒன். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைப் பொத்திக்கொண்டாய். அன்றைக்கு ராத்திரிதான், டாக்டருக்குப் படிக்கவில்லை, இந்தச் செல்லைத்தான் படிக்கப் போகிறேன் என்று என்னிடம் சொன்னாய்.

உன் ஏழாவது ஸ்லைடில் என்ன இருக்கிறது? எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. மென்மையான கொலாஜன் மேல் வளர்த்தால் லிம்பஸ் செல்கள் விதைச் செல்லாகவே நிற்க வேண்டும், கெட்டியானதன் மேல் வளர்த்தால் முதிர்ந்து சாதாரண செல் ஆகிவிட வேண்டும். உன் தட்டுகளில் பாதியில் அப்படித்தான் நடந்தது. மீதிப் பாதியில் தலைகீழாக நடந்தது. இரண்டு வருஷம் திருப்பித் திருப்பிச் செய்தும் ஏன் என்று தெரியவில்லை. முதல் பாதித் தட்டுகள் ஆறாவது ஸ்லைடு, தலைகீழானவை ஏழாவது. ஆறோடு நிறுத்திக்கொண்டால் அழகான பேச்சு, கைதட்டல், டீ. நீ பொய் ஏதும் சொல்லிவிடவில்லை என்றுகூட உன்னை நீயே சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

அந்த அறையில் உட்கார்ந்திருக்கிற நூறு பிள்ளைகளில் யாரோ ஒருத்தி, தென் கொரியாவோ பிரேசிலோ, தன் மேஜை டிராயரில் அதே தலைகீழ்த் தட்டுப் படங்களைப் பூட்டிவைத்துவிட்டு, தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பாள். நீ காட்டினால்தான் அவள் காட்டுவாள். ஆறோடு நீ நிறுத்தினால் அவள் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள். இரண்டு பேரும் தனித்தனியாக இன்னும் இரண்டு வருஷம் அழுவீர்கள்.

நீ தட்டில் ஊற்றுகிற அந்தக் கொலாஜன் எங்கே புரிந்துகொள்ளப்பட்டது என்று நினைத்துப் பார். நம் கிண்டியில். ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநாரை வாங்கிவந்து, எக்ஸ் கதிர் படம் எடுத்து, அது மூன்று இழைப் பின்னல் என்று 1954-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். முதல் மாதிரி முழுக்கச் சரியில்லை. மறு வருஷமே, மூன்று இழைகளும் சேர்ந்து இன்னொரு முறை முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று அவர்களே திருத்தினார்கள். அதன் பிறகு கேம்பிரிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும், உங்கள் மாதிரியில் அணுக்கள் இவ்வளவு நெருங்கி நிற்க முடியாது என்று ஆட்சேபித்தார்கள். இரட்டைச் சுருளைக் கண்டுபிடித்த அதே கிரிக். நம் ஊரில் ஒரு மனிதர் பயந்து ஒதுங்கியிருக்கலாம். ராமச்சந்திரன், அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக் கூடாது என்று உட்கார்ந்து பார்த்தார். சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் கூட உழைத்தார்கள். 1963-ல் வந்ததுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் உலகத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்த்தவர்கள் அது சரியா என்று அந்த வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். அறுபத்து மூன்று என்பது ஐம்பத்து நான்கின் ஓட்டையிலிருந்து வந்தது. அவர் அந்த முதல் மாதிரியை டிராயரில் வைத்திருந்தால் ஆட்சேபிக்கவும் ஆள் வந்திருக்காது.

இனி ஒன்று சொல்ல வேண்டும். உங்கப்பா சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். நான் சத்தியத்தை மீறுகிறேன்.

அவன் கண்ணில், கடிகாரத்தில் நாலு மணி முள் நிற்கிற இடத்தில், ஓரத்தைத் தாண்டி இரண்டு மெல்லிய ரத்தக் குழாய் உள்ளே வந்திருக்கிறது. பயப்படாதே. போன வாரம் நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நடுவில் பார்வை அப்படியே இருக்கிறது, ஆறு மாசத்துக்கு ஒருமுறை பார்ப்போம், இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் டாக்டர். சிலருக்கு நட்டது கடைசி வரைக்கும் நிற்கும், சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வரும், அடியில் தழும்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தும் இருக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு அங்கேயே உன் தட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. கெட்டியான தரை, மென்மையான தரை, பாதி இப்படி, பாதி அப்படி. நீ எடுத்துவிடப் போகிற அந்தப் பாதியில் உங்கப்பா இருக்கலாம் பாப்பா. இருக்கிறான் என்று சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. இல்லை என்று உன்னாலும் இப்போதைக்குச் சொல்ல முடியாது. அப்புறம் எந்த மனசோடு அதை மறைப்பாய்?

இதைச் சொல்லி உன் தலையில் பாரம் ஏற்றுகிறேனோ என்று ஒரு மணி நேரம் பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கண்ணைச் சரிசெய்வது உன் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. அதற்கு டாக்டர் இருக்கிறார். நீ பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது மட்டும்தான் உன் பொறுப்பு.

உன் இங்கிலீஷைப் பற்றிக் கவலைப்படுகிறாய். ஒன்பதாவது வரைக்கும் தமிழில் படித்த பிள்ளை, ஹைதராபாத்துக்குப் போய் அந்த லேபில் இத்தனை வருஷம் நின்றிருக்கிறாய். கருத்தரங்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தாய்மொழி இல்லை. மெதுவாகப் பேசு. கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்கச் சொல்லு. பதில் தெரியவில்லை என்றால் தெரியாது என்று சொல்லிவிட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதே; மத்தியானம் சும்மா விடுகிறார்களே, அதுதான் ஆளோடு ஆள் பேச என்று நீதானே சொன்னாய். தயிர்ச் சோறு கிடைக்காது. எலுமிச்சை ஊறுகாயைப் பாட்டிலில் கொண்டுபோகாதே, பெட்டியில் கொட்டினால் போஸ்டரோடு போய்விடும்.

பணத்துக்காகத்தான் போஸ்டர் மட்டும், போகாமல்கூட இருந்துவிடலாம் என்று யோசிக்கிறாயோ என்று உங்கம்மா கேட்டாள். பயண உதவித்தொகை வந்தால் சந்தோஷம். வராவிட்டால் என் இரண்டு வளையல் பீரோவில் சும்மாதான் கிடக்கிறது. உன் கல்யாணத்துக்கு வைத்தது. அதில் ஒன்று இதற்கு. உங்கப்பாவிடம் பேசிவிட்டேன், அவனும் தலையாட்டிவிட்டான். மறுத்துப் பேசாதே, எனக்குக் கோபம் வரும்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன். உன் முதல் ஸ்லைடில் என்ன வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் வைக்கிற மாதிரி கலர் கலரான செல் படம்தான் இருக்கும். முடிந்தால் அதற்கு முன்னால் ஒரே ஒரு வரி சொல்லு: எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி, அங்கே காஸ்டிக் பட்ட கண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரியாத ஒரு அறிவியல் டீச்சர் இருந்தார். என் பெயர் வேண்டாம். அதைக் கேட்கிற பிள்ளைகளில் யாராவது ஒருவர் தன் ஊருக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் குழாயடியில் நின்றால் போதும்.

கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஏழு மணிக்கு மேல், அப்போதுதான் உங்கப்பா மீன் வாங்கிவிட்டு வீட்டில் இருப்பான். ரத்தக் குழாய் விஷயத்தை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, அவனாகச் சொல்லட்டும். ஸ்லைடெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு எங்களுக்கு முதலில் பேசிக் காட்டு. தமிழிலேயே பேசு. நான் கடிகாரம் பார்க்கிறேன், பத்து நிமிஷம். ஏழாவது ஸ்லைடுக்கு அதில் மூன்று நிமிஷம் ஒதுக்கு.

உன் அத்தை